அண்டை நாடுகளோடு நம் சரக்குக் கணக்கு: சேலத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

2024-25 நிதியாண்டில் இந்தியா சீனாவுக்கு விற்ற சரக்கு சுமார் 1,425 கோடி டாலர். அங்கிருந்து வாங்கியது சுமார் 11,345 கோடி டாலர். இடைவெளி 9,920 கோடி. அதே ஆண்டில் வங்கதேசத்துக்கு நாம் விற்றது சுமார் 1,150 கோடி டாலர், வாங்கியது சுமார் 200 கோடி. முதல் செய்தி வந்ததும் நாடே கைவிட்டுப் போவதுபோல் பேச்சு கிளம்புகிறது. இரண்டாவது செய்தியை யாரும் கண்டுகொள்வதில்லை. டாக்காவில் இதே பேச்சு நம்மைக் குறித்து நடக்கிறது.

இந்தக் கணக்கைச் சேலத்தில் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு விதமாக அனுபவிக்கிறது. ஒரே இறக்குமதிச் செய்தி இளம்பிள்ளைத் தறிக்காரருக்கு வரவாகவும் சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்குச் செலவாகவும் முடியலாம். ஆகவே மொத்தத் தொகையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லையைத் தாண்டும் பொருள் எந்தப் பக்குவத்தில் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். தாதுவாகப் போகிறதா, நூலாகப் போகிறதா, சட்டையாகப் போகிறதா? பிழைப்பைத் தீர்மானிப்பது இந்தப் படிதான்.

## முதலில் சொற்கள்

ஒரு நாட்டுக்கு விற்றதிலிருந்து அங்கே வாங்கியதைக் கழித்தால் வருவது வர்த்தக இருப்பு. மிச்சம் வந்தால் உபரி, குறைந்தால் பற்றாக்குறை. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு.

1. நம் ஏற்றுமதியைத் துறைமுகத்தில் கப்பலேற்றும்போது உள்ள விலைக்குக் கணக்கிடுகிறோம். இறக்குமதியைக் கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கணக்கிடுகிறோம். அதனால் ஒரே சரக்குக்கு இரு நாட்டுப் புத்தகத்திலும் ஒரே தொகை இருக்காது. சீனா வெளியிடும் எண்ணும் இந்தியா வெளியிடும் எண்ணும் பொருந்தாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. இது சரக்குக்கு மட்டுமான கணக்கு. மென்பொருள், சேவை எல்லாம் வேறு ஏட்டில் வருகின்றன. 2024-25-ல் உலகம் முழுவதையும் சேர்த்து இந்தியாவின் சரக்குப் பற்றாக்குறை சுமார் 28,300 கோடி டாலர். சேவைகளில் உபரி சுமார் 18,900 கோடி டாலர். சீனப் பொருளுக்குக் கொடுக்கும் டாலரில் பெரும்பகுதி இப்படித்தான் சேர்கிறது.

## எது 'உற்பத்திப் பொருள்'?

ஆலையில் செய்ததெல்லாம் உற்பத்திப் பொருள் என்றுதான் நினைப்போம். புள்ளிவிவரம் அப்படிப் பார்ப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் வகைப்பாடு சரக்கு முழுவதையும் 0 முதல் 9 வரை பத்துப் பிரிவாக அடுக்குகிறது. உணவு 0-ல், கச்சாப் பொருட்கள் 2-ல், எரிபொருள் 3-ல். ரசாயனம் 5, நூல், துணி, இரும்பு போன்றவை 6, இயந்திரமும் வாகனமும் 7, ஆயத்த ஆடை, நகை போன்றவை 8. உலக வங்கி 'உற்பத்திப் பொருள்' என்று எடுத்துக்கொள்வது 5 முதல் 8 வரை. அதிலும் செம்பு, வெள்ளி, அலுமினியம் போன்ற இரும்பல்லாத உலோகங்கள் அடங்கிய 68-ஆம் பகுதியைக் கழித்துவிடுகிறது.

இது எவ்வளவு விசித்திரமாக வேலை செய்கிறது என்று பார்க்க சேலத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றுக்குள் போனால் போதும். குச்சிக்கிழங்கு லாரியில் வந்து இறங்குகிறது. தோலை நீக்கி, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டிகளில் தேக்குகிறார்கள். மாவு அடியில் படிகிறது. மேல் தண்ணீரை வடித்துவிட்டால் சுண்ணாம்புப் பாறைபோல் வெள்ளை வெளேரென்று ஈரமாவு. அதை வெட்டி எடுத்த பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு களத்தில் காய்ந்து ஸ்டார்ச் மாவாக மூட்டைக்குப் போகிறது. இன்னொரு பங்கு குலுக்கலில் உருண்டு மணியாகி, சூடான தட்டில் வறுபட்டு, வெயிலில் காய்ந்து ஜவ்வரிசியாகிறது.

ஒரே கிழங்கு, ஒரே தொட்டி, அதே கூலியாட்கள். ஆனால் ஸ்டார்ச் 592 என்ற எண்ணில் ரசாயனப் பிரிவுக்குப் போய் 'உற்பத்திப் பொருள்' ஆகிறது. அதைவிடக் கூடுதல் வேலை வாங்கிய ஜவ்வரிசி, உணவு என்ற 0 பிரிவில் நின்றுவிடுகிறது. ஏற்காட்டுக் காபிக்கொட்டையும், பெரிய இயந்திரங்களில் தயாராகும் இன்ஸ்டன்ட் காபித்தூளும்கூட ஒரே 0 பிரிவுதான்.

சுண்ணாம்புக்கரட்டு மேக்னசைட்டுக்கும் இதே கதை. வெட்டிய கல் கச்சாப் பொருள். அதைச் சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டாலும் கச்சாப் பொருள்தான். அதை அச்சிட்டு, உருக்கு உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லாக்கினால் அப்போதுதான் 6-ஆம் பிரிவுக்கு ஏறுகிறது. வெள்ளிக்கட்டி 68-ல் இருப்பதால் உற்பத்திப் பொருள் கணக்கில் வருவதே இல்லை. அதையே கொலுசாக்கினால் 8-ஆம் பிரிவு.

## இந்த வடிகட்டியைப் போட்டால் அண்டை நாடுகள் எப்படித் தெரிகின்றன?

1. சீனா. அங்கிருந்து வருவதில் முன்னணியில் இருப்பவை மின்னணுப் பொருட்கள், இயந்திரங்கள், கரிம ரசாயனங்கள், பிளாஸ்டிக். ஏறக்குறைய எல்லாமே 5 முதல் 8 வரை. நாம் அனுப்புவதிலோ இரும்புத்தாது, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தா, இறால், ஆமணக்கெண்ணெய், மிளகாய் எல்லாம் பெரிய இடம் பிடிக்கின்றன. இவற்றைக் கழித்துவிட்டால் தராசு இன்னும் அதிகமாகச் சாயும். மொத்தப் பற்றாக்குறையைவிட இந்தச் சாய்வுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பாறையாகப் போகும் கிரானைட்டுக்கும் அறுத்து மெருகேற்றிய கிரானைட்டுக்கும் நடுவில் உள்ள வேலை முழுவதும் அங்கே போய்விடுகிறது.

2. வங்கதேசம். இங்கே வடிகட்டி நம் உபரியைக் குறைத்துக் காட்டும். நாம் அனுப்புவதில் பஞ்சு, டீசல், மின்சாரம், வெங்காயம், அரிசி எல்லாம் உண்டு. அவை போக மிஞ்சும் நூல், துணி, வாகனம், இயந்திரம்தான் உற்பத்திப் பொருட்கள். அவர்கள் அனுப்புவதில் ஆயத்த ஆடை முக்கியமானது.

3. நேபாளம். நம் ஏற்றுமதி 700 கோடி டாலருக்கு மேல். அதில் தலையாயது பெட்ரோலியம். நேபாளத்துக்கு எரிபொருள் இந்தியாவிலிருந்துதான் போகிறது. 2019 முதல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து குழாய் வழியாகவும் போகிறது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தாலும் இது 3-ஆம் பிரிவு.

4. இலங்கை. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் நாம் விற்பது அவர்கள் விற்பதைவிடப் பல மடங்கு. கொழும்பில் செய்யும் உடைகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன, நம் பக்கம் வருவது குறைவு.

பாகிஸ்தானோடு பேசுவதற்குக் கணக்கே இல்லை. 2019 பிப்ரவரியில் இந்தியா 200 சதவீத வரி போட்டது, அந்த ஆகஸ்டில் அவர்கள் வர்த்தகத்தை நிறுத்தினார்கள், 2025 மே மாதம் நாம் இறக்குமதியை முழுவதுமாகத் தடை செய்தோம்.

## பற்றாக்குறை என்றாலே நஷ்டமா?

இளம்பிள்ளையில் ஒருவர் பழைய விசைத்தறிகளைக் கழற்றிவிட்டுச் சீனத்துத் தறி ஒன்றை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு நாட்டின் பற்றாக்குறை ஒரு தறியின் விலை அளவுக்குக் கூடுகிறது. அடுத்த பத்து வருடம் அந்தத் தறியில் சேலை ஓடுகிறது. அந்தச் சேலை திருச்சியில் விற்றால் ஏற்றுமதிக் கணக்கில் வராது, கொழும்பில் விற்றால் இலங்கையோடு உள்ள உபரியில் போய்ச் சேரும். சீனாவோடு உள்ள கணக்கில் தறியின் விலை மட்டும் செலவாகவே நிற்கும். இரு நாடுகளுக்கு இடையிலான இருப்பு இப்படித்தான் பாதிக் கதையைச் சொல்லும்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டுவது கைபேசி. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஓடும் ஆலைகளுக்குப் பாகங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பொருத்தி முடித்த போன் அமெரிக்காவுக்குப் போகிறது. 2024-25-ல் நம் ஸ்மார்ட்போன் ஏற்றுமதி சுமார் 2,400 கோடி டாலர். சீனாவோடு பற்றாக்குறையும் அமெரிக்காவோடு சுமார் 4,100 கோடி டாலர் உபரியும் ஓரளவு ஒரே சங்கிலியின் இரு முனைகள்.

வங்கதேசம் இதே இடத்தில் நம்மைப் பார்த்து நிற்கிறது. நம் பருத்தி நூலுக்கு அவர்களே மிகப் பெரிய வாடிக்கையாளர். அந்த நூலைத் துணியாக்கி, சட்டையாக்கி, 2024-25-ல் சுமார் 3,900 கோடி டாலருக்கு உடை ஏற்றுமதி செய்தார்கள். இந்தியாவோடு அவர்களுக்கு உள்ள பற்றாக்குறை, ஐரோப்பாவோடு அவர்களுக்கு உள்ள உபரிக்குப் போட்ட முதல். நூலாகப் போகும்போது நம் மில்லுக்கு உபரி, சட்டையாகும்போது அவர்கள் ஊர்ப் பெண்களுக்கு லட்சக்கணக்கில் வேலை. எந்தப் படி யாரிடம் இருக்கிறது என்பதை டாலர் எண் காட்டாது.

இந்தப் பிணைப்பு அரசியல் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. ஏப்ரலில் வங்கதேசப் பொருட்கள் இந்திய நிலத்தின் வழியே மூன்றாம் நாடுகளுக்குப் போகும் வசதியை இந்தியா நிறுத்தியது. அதே மாதம் அவர்கள் இந்திய நூல் தரைவழியாக வருவதை நிறுத்தினார்கள். மே மாதம் அவர்களுடைய ஆயத்த ஆடை கொல்கத்தா, மும்பை அருகே உள்ள நவசேவா என்ற இரு துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா அறிவித்தது. லாரியில் எல்லை தாண்டிய நூல் கப்பலேற வேண்டியதாயிற்று. சின்ன மில்லுக்கு அது நாட்கணக்கில் முடங்கும் பணம். திருப்பூர் இந்தக் கட்டுப்பாட்டை வரவேற்றதும் நியாயம்தான். 2011-ல் வங்கதேச உடைகளுக்கு வரி நீக்கப்பட்டதிலிருந்து திருப்பூர்க்காரர்களுக்கு அந்த வருத்தம் உண்டு. ஒரே மாநிலத்தில் நூற்பவருக்கும் தைப்பவருக்கும் எதிரெதிரான பலன்.

## கொலுசும் வரி இடைவெளியும்

சேலத்தை நேரடியாகத் தொட்ட விஷயத்துக்கு வருவோம். ஒரு கொலுசு பல வீடுகளைத் தாண்டித்தான் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு வருகிறது. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுக்கிறார்கள். இன்னொரு வீட்டில் கண்ணி பின்னுகிறார்கள். பற்றவைப்பது ஓர் இடம், சலங்கை கோப்பது ஓர் இடம், மெருகு போடுவது வேறோர் இடம். எல்லாக் கூலியும் எடைக்கணக்கில். கொலுசின் விலையில் மிகப் பெரும் பங்கு வெள்ளி, கூலி சிறு பங்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த கணக்கு புரியும்.

2024 ஜூலை வரை வெள்ளிக்கட்டிக்கு 15 சதவீத இறக்குமதி வரி. அதே நேரத்தில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ், அந்தமான் கடலில் நம்மோடு எல்லை பகிரும் தாய்லாந்திலிருந்து வெள்ளி நகை வரியில்லாமல் வரலாம். உதாரணத்துக்கு, 100 ரூபாய் வெள்ளிக்கு இரு ஊரிலும் 5 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம்.

1. தாய்லாந்திலிருந்து வரும் நகை: 100 வெள்ளி, 5 கூலி, வரி இல்லை. மொத்தம் 105.
2. சேலத்துக் கொலுசு: 100 வெள்ளி, 15 வரி, 5 கூலி. மொத்தம் 120.
3. சேலத்துக்காரர் கூலியே வேண்டாம் என்று செய்து கொடுத்தாலும் 115.

2024 ஜூலை பட்ஜெட்டில் வரி 6 சதவீதமானது. அப்போதும் கூலியில்லாக் கொலுசு 106. வருவதைவிட ஒரு ரூபாய் கூடுதல். கைத்திறனால் இந்த இடைவெளியை அடைக்க வழியே இல்லை. வெள்ளித் தொழிலாளி சோம்பேறி, இயந்திரத்துக்கு மாற மறுக்கிறார் என்று சொல்பவர்கள் இந்த நான்கு எண்ணையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இதைத் தடுக்கத்தான் ஒப்பந்தங்களில் பிறப்பிட விதி என்று ஒன்று இருக்கிறது. பொருள் அந்த நாட்டிலேயே ஓரளவு உருவாகியிருந்தால்தான் சலுகை. ஆசியான் ஒப்பந்தத்தில் மதிப்பில் 35 சதவீதமாவது அந்தப் பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பொருளின் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். தாய்லாந்து பெயர் சொல்லும்படி வெள்ளி வெட்டும் நாடல்ல. வெளியிலிருந்து வாங்கிய வெள்ளியில் 5 ரூபாய் வேலை மட்டும் செய்தால் 35 சதவீதம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது. இறக்குமதி வேகமாக ஏறியதைப் பார்த்து, 2025 செப்டம்பரில் கல் பதிக்காத வெள்ளி நகையைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றி, 2026 மார்ச் 31 வரை அனுமதி வாங்கித்தான் கொண்டுவரலாம் என்று மத்திய அரசு அறிவித்தது.

இது புதிய தந்திரமல்ல. 2000-க்குப் பிறகு இலங்கையில் திடீரென்று செம்பு ஆலைகளும் வனஸ்பதி ஆலைகளும் முளைத்தன. வெளிநாட்டுச் செம்புத் துண்டும் மலேசியப் பாமாயிலும் அங்கே இறங்கி, லேசாக உருமாறி, வரியில்லாமல் இந்தியாவுக்கு வந்தன. முதல் போட்டவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். வரி இடைவெளி சுருங்கியதும், கட்டுப்பாடு வந்ததும் ஆலைகள் மூடப்பட்டன. 2024 செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய் வரியை உயர்த்தியபோது நேபாளத்திலிருந்து சோயா எண்ணெய் வரவு பெருகியதும் இதே வழிதான். நேபாளத்தில் அவ்வளவு சோயா விளைவதில்லை. அந்த ஆண்டுகளின் ஏட்டில் இலங்கையோடும் நேபாளத்தோடும் நம் உபரி குறைந்ததுபோல் தெரியும். அங்கே நிலையாக ஒரு தொழில் வளர்ந்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

## உருக்காலையும் பாத்திரக்காரரும்

கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள சேலம் உருக்காலை 1981 முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறது. பாத்திரத்தின் அடியில் சேலம் என்று முத்திரை இருந்தால் நம்பி வாங்கிய காலம் உண்டு. சீனத் தகடு மலிவாகக் குவிந்தபோது 2017-ல் 18.95 சதவீத எதிர்வரி போடப்பட்டது. 2021 பட்ஜெட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. காரணம், சிறு தொழில்களுக்குத் தகடு மலிவாக வேண்டும் என்பது. உருக்காலைக்கு முடிந்த பொருள், பாத்திரப் பட்டறைக்குக் கச்சாப் பொருள். வரி போட்டால் ஒருவர், எடுத்தால் மற்றவர். 2025 ஏப்ரலில் எஃகுத் தகடுகளுக்கு உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் 12 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தபோதும் துருப்பிடிக்காத எஃகு அதில் இல்லை.

இதில் பிறப்பிடச் சிக்கலும் உண்டு. துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலும் நிக்கல் சேர்க்கிறார்கள். நிக்கல் தாதுவை வெட்டுவதில் உலகில் முதலிடம் இந்தோனேசியாவுக்கு. 2020 ஜனவரியிலிருந்து தாதுவாக ஏற்றுமதி செய்வதை அது நிறுத்திவிட்டது; வேண்டுமானால் எங்கள் மண்ணில் ஆலை போடுங்கள் என்றது. சீன நிறுவனங்கள் அங்கே போய்ப் பெரிய ஆலைகள் போட்டன. அங்கே செய்யும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு இந்தோனேசியா என்ற முகவரியோடு, ஆசியான் சலுகையோடு வருகிறது. சீனாவோடு உள்ள பற்றாக்குறை எண்ணில் அது இல்லவே இல்லை.

## எப்போது ஆபத்து?

பற்றாக்குறை இரண்டு விதத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

முதலாவது, கொடுக்க டாலர் இல்லாமல் போவது. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றதை நாம் பார்த்தோம். இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல் இருப்பதால் இந்த ஆபத்து இப்போது நமக்குத் தூரத்தில் இருக்கிறது.

இரண்டாவது, வேறு இடத்தில் கிடைக்காத பொருளுக்கு ஒரே நாட்டை நம்புவது. இதில் தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் சீனா அரியமண் காந்தங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. மொத்த இறக்குமதியில் கடுகளவு. ஆனால் அது இல்லாமல் பெரும்பாலான மின்சார வாகன மோட்டார்கள் சுழலாது; நம் வாகன ஆலைகள் தவித்தன.

வரவு நின்றுபோன ஒரு பொருளைத் தானே செய்துகொண்ட அனுபவம் சேலத்துக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-ல் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் இங்கே குச்சிக்கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். முதலில் கையால் அரைத்து, துணியில் குலுக்கி, வாணலியில் வறுத்துத்தான். கிழங்கு தென்னாட்டிலேயே விளைந்தது, வெயில் இருந்தது, செய்முறை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமையும் அளவுக்குத் தொழில் பரவியது. இன்று அதே ஆலைகள் தாய்லாந்து, வியட்நாம் ஸ்டார்ச்சோடு மல்லுக்கு நிற்கின்றன.

காந்தத்துக்கு அந்தச் செய்முறை எட்டும் தூரத்தில் இல்லை. மூலப்பொருள் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடல்மணலில் அரியமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, பொதுத்துறை நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. அதன் பிறகுதான் சிரமமான படிகள்: தனித்தனித் தனிமமாகப் பிரிப்பது, உலோகமாக்குவது, பொடித்து அழுத்திக் காந்தமாக்குவது. பல ஆண்டுகளாக இந்தப் படிகளில் பெரும்பகுதி சீனாவிடம் இருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் ஆலைகள் அதன் இலக்கு. அவை ஓடத் தொடங்கும்வரை மணல் நம் கரையிலும் காந்தம் சீனாவிலிருந்து வரும் பெட்டியிலும் இருக்கும்.